சுவருக்கு இந்தப் பக்கம்

நூல் பகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹவுஸ்ஹோஃபர் 1963-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட 'சுவர்' என்னும் நாவலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அந்த இதழைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண், தன் உறவினள் லூயிஸேயும் அவள் கணவன் ஹூகோவும் அழைத்ததன் பேரில், மலைக்காட்டில் உள்ள அவர்களுடைய வேட்டை விடுதிக்குச் செல்கிறாள். மாலையில் அவ்விருவரும் அடிவாரத்து ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மறுநாள் நாயுடன் அவர்களைத் தேடிப் போகிறவள், பாதையின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறாள். சுவருக்கு அப்பால், தண்ணீர் பிடிக்கக் குவித்த கையுடன் ஒரு முதியவர் அப்படியே கல்லாகச் சமைந்து நிற்கிறார். சுவருக்கு இந்தப் பக்கத்தில் அவளும், லுக்ஸ் என்ற அந்த நாயும், பிறகு வந்து சேர்கிற ஒரு பசுவும் ஒரு பூனையும் மட்டும் எஞ்சுகிறார்கள். அவர்கள் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தின் கணக்கே நாவல்.

கேள்வி: உலகம் எதனால் அழிந்தது என்று சொல்லாமலேயே ஒரு நாவல் முடிந்துவிடுகிறது என்றால், அதை வாசகன் எப்படி நம்புவது? அறிவியல் விளக்கம் எதுவும் தராமல் ஒரு சுவரை மட்டும் நிறுத்திவிடுவது எழுத்தாளரின் சோம்பல் இல்லையா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, காரணம் அறவே சொல்லப்படவில்லை என்பது சரியன்று. ஏதோ ஒரு வல்லரசு இரகசியமாக வைத்திருந்த புதிய ஆயுதம் இது, நிலத்தையும் மரத்தையும் விட்டுவிட்டு உயிர்களை மட்டும் கொல்வது என்று அந்தப் பெண் தனக்குள் ஊகிக்கிறாள். ஆனால் அந்த ஊகத்தில் அவள் நின்றுவிடுவதில்லை. விறகு வெட்ட வேண்டும், பசுவைக் கறக்க வேண்டும், பனி விழுவதற்குள் புல் அறுத்துச் சேர்க்க வேண்டும் என்கிற வேலைகள் அவளை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. அழிவின் காரணத்தை ஆராய்வதற்கு, முதலில் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி இருக்க வேண்டும்.

நாவல் வெளிவந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1962 அக்டோபரில் கியூபாவில் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதையொட்டி அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதப் போரின் விளிம்பு வரை சென்று திரும்பின. ஆஸ்திரியா 1955 முதல் நடுநிலை நாடு, இரண்டு முகாம்களுக்கும் நடுவே அமைந்திருந்த நாடு. அங்கே இருந்த வாசகருக்கு அழிவு எப்படி வரும் என்று விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. போர் வரும் என்ற பேச்சு எங்கும் இருந்ததால்தான் ஹூகோவும் விடுதியில் உணவுப் பொருளும் தீப்பெட்டியும் கருவிகளும் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தான். சேர்த்தவன் திரும்பி வரவில்லை, எதையும் சேர்க்காமல் விருந்தாளியாக வந்தவள் அவற்றைக் கொண்டு பிழைக்கிறாள். விளக்கங்களைவிட இந்த ஒரு செய்தி எனக்கு அதிகம் சொல்கிறது.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள ஐந்தடிப் பாட்டில், முற்றுகையும் போரும் எப்படி நடந்தன என்ற விவரம் ஒன்றும் இல்லை. சென்ற மாதத்து நிலவும் இந்த மாதத்து நிலவும் மட்டுமே இருக்கின்றன, இடையில் தந்தையும் குன்றும் இல்லாமல் போய்விட்டார்கள். அந்தப் பாட்டை நாம் நம்பாமல் இருக்கிறோமா?

கேள்வி: அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பேரனிடம் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு பசுவை வைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை வருடம் தள்ள முடியும்? சினை பிடித்துக் கன்று ஈன்றால்தானே பால். இதை எழுதிய அம்மாவுக்கு மாடு வளர்ப்பு தெரியுமா?
— விவசாயி, சேரன்மகாதேவி

பதில்: அண்ணாச்சி, வந்த கடிதங்களில் மிகக் கூர்மையான கேள்வி இதுதான் என்பேன். ஹவுஸ்ஹோஃபர் ஒரு வன அலுவலரின் மகளாகக் காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆகையால் நீங்கள் கேட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கதையில் பெல்லா என்ற அந்தப் பசு கிடைக்கும்போதே சினையாக இருக்கிறது. குளிர்காலத்தில் உதவிக்கு ஆளில்லாமல், தொழுவில் தனியாக நின்று, தானே ஈற்றுப் பார்க்கிறாள் அவள். பிறந்தது காளைக்கன்று. அதைப் பார்த்ததும் அவள் மனத்தில் ஓடுகிற எண்ணம் நீங்கள் கேட்டதுதான்: இந்தக் கன்று வளர்ந்து காளையானால் பெல்லாவுக்கு மறுபடி சினை பிடிக்கும், பால் நிற்காது. அந்த நாவலில் எதிர்காலம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்தக் காளைக்கன்றின் வடிவில்தான் இருக்கிறது.

மற்ற கணக்குகளையும் சொல்கிறேன். விடுதியில் இருந்த உருளைக்கிழங்கைத் தின்று தீர்க்காமல் ஒரு பகுதியை நட்டு, விளைந்ததிலும் விதைக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். அவரையும் அப்படியே. பசி எடுத்த நேரத்தில் விதையைத் தொடாமல் இருப்பது என்ன கட்டுப்பாடு என்பது, விதை நெல்லை வைக்கோல் பிரியில் பொதிந்து கோட்டை கட்டி மண்ணும் சாணமும் பூசி வைத்திருந்த வீடுகளில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீக்குச்சிகளை அவள் எண்ணி வைத்திருக்கிறாள். துப்பாக்கிக் குண்டுகளும் ஒருநாள் தீரும் என்பது அவளுக்குத் தெரியும். மான் சுடுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை, ஆனாலும் நாய்க்கும் தனக்கும் இறைச்சி வேண்டும் என்பதால் சுடுகிறாள். அரிவாளை வீசிப் புல் அறுத்து, காயவைத்து, கட்டிச் சுமந்து சேர்க்கும் பக்கங்கள் நாவலில் நீண்டு கிடக்கின்றன. நகரத்து வாசகர் சிலர் அந்தப் பக்கங்களைத் தாண்டிச் சென்றுவிடுவதாகக் கேள்விப்படுகிறேன். எனக்கு அவையே நாவலின் உயிர்ப்பகுதி. அவளுக்குச் சாக வேண்டும் என்று தோன்றுகிற நேரங்கள் இருக்கின்றன. அப்போதெல்லாம் பெல்லாவின் மடி கனத்துவிடும், கறக்காவிட்டால் மாடு வலியில் கதறும் என்ற நினைவுதான் அவளை எழுப்பி நிறுத்துகிறது. அவள் தனக்காக உயிர் வாழவில்லை. தன்னை நம்பித் தொழுவில் நிற்கிற ஓர் உயிருக்குப் பட்ட கடனை அடைப்பதற்காக வாழ்கிறாள். இந்த நாவலை நான் உயர்ந்தது என்று சொல்வதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேவையில்லை.

உங்கள் கேள்வி என்னை வேறொன்றையும் யோசிக்க வைத்தது. மலைச்சரிவில் உருளைக்கிழங்கு போட ஒரு ஆள் போதும். உங்கள் ஊரில் பிசானப் பருவத்து நெல் விளைவிக்க ஒரு ஆள் போதாது. பாபநாசம் மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் திரும்பிப் பிரிந்து, உங்களுக்குக் கன்னடியன் கால்வாய் வழியாக வந்து, குளத்தை நிரப்பி, மடை திறந்து வயலுக்கு வர வேண்டும். மேல்மடைக்காரர் இல்லாவிட்டால் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் இல்லை. கால்வாய் தூர் வாரப்படாமல் சில ஆண்டுகள் கிடந்தாலே வயல் முள்ளுக்காடாகிவிடும். ஒரு சுவர் வந்து இங்கே ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போனால், ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் நெல்லுக்கு வழியில்லாமல் நிற்பார்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் வந்தது. கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் மாடியில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் கட்டுரையைப் படித்தபோது அந்த இரவு திரும்ப வந்துவிட்டது. இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கத்தான் வேண்டுமா?
— இல்லத்தரசி, ஏரல்

பதில்: வேண்டியதில்லை, அம்மா. மனம் ஒப்பாதபோது எந்த நூலையும் படிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் கிடையாது. உங்களுக்கு அது பழைய செய்தி அன்று என்பதை நான் உணர்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி இரு கரையும் புரண்டு, ஏரலும் சுற்றியுள்ள ஊர்களும் துண்டிக்கப்பட்டுக் கிடந்த அந்த நாட்களை அனுபவித்தவர்கள், உலகம் நின்றுபோவது எப்படியிருக்கும் என்பதைக் கதையில் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

எப்போதாவது படிக்கத் தோன்றினால் ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லி வைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மகள்கள் உண்டு. சுவருக்கு அப்பால் இருந்தவர்கள். அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் விவரிப்பதே இல்லை. அவர்களை நினைக்கும்போது ஐந்து வயதுக் குழந்தைகளாகவே நினைக்கிறாள். ஹவுஸ்ஹோஃபர் வாசகரை அழவைப்பதற்காக எதையும் எழுதவில்லை, தாங்க முடியாததன் அருகில் போகாமல் சுற்றி நடப்பதற்கு அந்தப் பெண்ணுக்கு உரிமை கொடுத்திருக்கிறார். அதே உரிமை உங்களுக்கும் உண்டு. நூலைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, வேண்டுமானால் அடுத்த ஆண்டு திறக்கலாம், திறக்காமலும் விடலாம்.

கேள்வி: இதே வகையில் அமெரிக்க எழுத்தாளர் கார்மக் மெக்கார்த்தியின் 'சாலை' நாவலையும் படித்திருக்கிறேன். இரண்டிலும் ஊர் என்று ஒன்று இல்லை. தனி மனிதர், அவருடைய துப்பாக்கி, அவருடைய உணவு, அவ்வளவுதான். இது மேல்நாட்டுத் தனிமனித மனப்பான்மையின் வெளிப்பாடு என்றும், கூடி வாழ்ந்து பழகிய நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றும் நான் கருதுகிறேன். தங்கள் கருத்து என்ன?
— பள்ளி ஆசிரியர், தென்காசி

பதில்: ஐயா, ஊர் இல்லை என்று நீங்கள் கண்டது மிகச் சரி, ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஊர் இல்லாமல் போவதுதான் அந்த இரண்டு நாவல்களிலும் உள்ள திகில். 2006-இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற 'சாலை'யில், சாம்பல் மூடிய நாட்டின் வழியே பெயரில்லாத ஒரு தந்தையும் சிறுவனான மகனும், தங்கள் உடைமையைக் கடைத் தள்ளுவண்டி ஒன்றில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெற்கே கடலை நோக்கி நடக்கிறார்கள். எதிரே ஒரு மனிதர் தென்பட்டால் ஒளிந்துகொள்ள வேண்டும். பிற மனிதரைக் கண்டால் மகிழ வேண்டிய குழந்தை, பிற மனிதரைக் கண்டு நடுங்கக் கற்றுக்கொள்கிறது. இதை மெக்கார்த்தி கொண்டாடவில்லை, இதற்காகத் துக்கம் காக்கிறார். ஓரிடத்தில் அவர்கள் நிலவறை ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். யாரோ எப்போதோ சேர்த்து வைத்த உணவு அங்கே நிறைந்திருக்கிறது. உண்பதற்கு முன் அந்தச் சிறுவன், அதைச் சேர்த்து வைத்து உண்ணக் கிடைக்காமல் போனவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று விரும்பி, இல்லாத அந்த மனிதர்களை நோக்கிப் பேசி நன்றி சொல்கிறான். ஊர் முற்றிலும் செத்துப்போன உலகத்தில், முகம் தெரியாத இறந்தவர்களைத் தனக்கு உறவாக்கிக்கொள்ளும் அந்தக் குழந்தையை வைத்துப் பார்த்தால், இந்த நாவல் தனிமனிதத்தைப் போற்றுகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு நிற்கும்போது அவையே பாலை என்னும் வடிவம் கொள்கின்றன என்று காடுகாண் காதையில் இளங்கோவடிகள் சொல்வதை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். இந்த நாவல்களை நான் பாலைத்திணையின் நூல்களாகவே படிக்கிறேன். இவை காட்டுவது அந்நியமான ஒரு நாட்டையன்று, நாம் வாழ்கிற இதே நிலம் கெட்டால் எப்படியிருக்கும் என்பதை.

நம் ஊர்கள் கூடி வாழ்ந்து பழகியவை என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமைக்குச் சான்று உண்டு. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்றபோது, தாங்களே தண்ணீருக்கு நடுவில் இருந்த பக்கத்து ஊர்க்காரர்கள், நூற்றுக்கணக்கான பயணிகளுக்குத் தங்கள் அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அதே ஊர்களில், எந்தத் தெருவுக்குள் யார் நடக்கலாம், யார் கை தொட்ட தண்ணீரை யார் குடிக்கலாம் என்பதற்காக இரத்தம் சிந்தப்பட்டிருப்பதும், இன்னும் சிந்தப்படுவதும் உண்மை. சுவர் என்றால் என்ன என்று ஆஸ்திரியாவிலிருந்து ஒருவர் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் இருக்கும்போதே அதற்குள் சுவர் எழுப்பி வாழ்ந்தவர்கள், ஊரே இல்லாமல் போன கதையைப் படித்துக் கலங்குவதில் எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கிறது, ஐயா.

கேள்வி: படிக்க ஆளே இல்லாத உலகத்தில் அந்தப் பெண் யாருக்காக எழுதுகிறாள்?
— அஞ்சல் ஊழியர், சங்கரன்கோவில்

பதில்: புத்தி பேதலித்துவிடாமல் இருப்பதற்காக எழுதுவதாக அவளே சொல்கிறாள். விடுதியில் கிடந்த பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்திலும், மஞ்சள் பூத்த அலுவலகத் தாள்களிலும் எழுதுகிறாள். நவம்பர் 5 அன்று தொடங்கி, நான்கு மாதத்தில் தாள் தீர்ந்ததும் அறிக்கையும் முடிந்துவிடுகிறது. லுக்ஸ் இறந்துவிட்டது என்பதை முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறாள், எப்படி என்பதைக் கடைசியில்தான் சொல்கிறாள். அந்த நாயைப் பற்றிச் சொல்வதற்கு உலகத்தில் வேறு எவரும் மிச்சம் இல்லை என்பதால் அவள் எழுதியாக வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் ஷான் வைட்சைட் செய்த மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. எளிய ஆங்கிலம்தான், தயங்காமல் எடுத்துப் படிக்கலாம்.

கேள்வி: நம் பகுதியைக் களமாக வைத்து இப்படி ஒரு நாவல் எழுத எனக்கு ஆசை. பெரிய வெடிப்பு, அணு உலை விபத்து என்று தொடங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.
— வாசகி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: வெடிப்பிலிருந்து தொடங்க வேண்டாம், அம்மா. உங்கள் ஊரிலிருந்து கிளம்பிச் சில மைல் சுற்றிப் பாருங்கள், உலகம் பலமுறை முடிந்துபோன நிலத்தில் வாழ்கிறீர்கள் என்பது தெரியவரும். முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. அதை யாரும் குண்டு வீசி அழிக்கவில்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணால் கடல் மெல்ல விலகிப் போயிற்று, துறைமுகம் பழையகாயல் என்று இன்று அழைக்கப்படும் காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ புகழ்ந்து எழுதிய அந்தக் காயலுக்கும் பிறகு அதே கதி நேர்ந்து, வாணிகம் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் போயிற்று. கொற்கையில் கடைசியாகப் படகு கட்டிய தச்சருக்கு, தாம் கடைசித் தச்சர் என்பது தெரிந்திருக்காது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டில் 1899-இலிருந்து சில ஆண்டுகள் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளில், இறந்தவர்களோடு இரும்புக் கருவிகளும் வெண்கலப் பாத்திரங்களும் வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பொருட்களை அங்கே வைத்தவர்கள் என்ன மொழியில் அழுதார்கள் என்பதைச் சொல்ல இன்று யாரும் இல்லை. அழிவு ஒரே இரவில் வரும் என்பது திரைப்படத்துக்கு வசதியான எண்ணம். நம் நிலத்தில் அது பெரும்பாலும் தலைமுறைக் கணக்கில் வந்திருக்கிறது, வந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலோர் அதை அழிவு என்று அறிந்திருக்கவில்லை.

கதைக்கு ஆள் வேண்டுமென்றால், தேரிக்காட்டு ஓரத்தில் வயதான ஒரு பெண்ணை வையுங்கள். செம்மணலில் நெல் வராது, கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், ஆனால் பனை நிற்கும். பனையேறி இல்லாத நாளில் பதனீர் இல்லை, கருப்பட்டி இல்லை. நுங்குக்கும் மேலே ஏறியாக வேண்டும். எனினும் ஆடியிலும் ஆவணியிலும் பழம் தானாகவே உதிரும். பொறுக்கி, கொட்டையை மணலில் புதைத்து வைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். மரம் ஏற முடியாத ஒருவர் பனையை நம்பி ஓராண்டைக் கடப்பது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே உங்களுக்குப் பாதி நாவல் கிடைத்துவிடும். அவளோடு ஒரு வெள்ளாட்டையும் விடுங்கள். அவள் இறந்தால் அந்த ஆட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவார்கள் என்ற கவலை, கதையை மேலே நகர்த்தும்.

இந்தக் கணக்கெல்லாம் நூலகத்தில் முழுவதும் கிடைக்காது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின் அரசாங்க அறிக்கைகளில் சாவு எண்ணிக்கையும் நிவாரண வேலையும் இருக்கும். எந்த வேரை எத்தனை முறை வேகவைத்தால் கசப்பு நீங்கும், புளியங்கொட்டையை எத்தனை நாள் ஊறப்போட வேண்டும், பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாதது எது என்பவை, உங்கள் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பெண்களிடம், அவர்களுடைய பாட்டிமார் சொன்ன பேச்சாக இருக்கும். இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் உட்காருங்கள். அவர்கள் சொல்லுகிற சொற்களை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். கொற்கையும் ஆதிச்சநல்லூரும் இரண்டாம் அத்தியாயத்துக்குக் காத்திருக்கும்.